கண்டக்டர் மருதாசலம், 9990 புள்ளி

ஜனவரி 2, வெள்ளி

காலையில் நிவேதா என்பவர் போன் செய்தார். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். பழைய கணினிகளையெல்லாம் சேர்த்து ஒரு காட்சி அறை அமைக்கிறாராம். மாதக் கடைசியில் திறப்பு. அதற்கு முந்தைய ஞாயிறு ஒரு பட்டிமன்றம். தலைப்பை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்: 'அந்தக் கால வீட்டுக் கணினிகள் நமக்கு விட்டுச் சென்றது பெரிதும் படைக்கும் ஆர்வமே! பிரதி எடுக்கும் பழக்கமே!'

"நீங்க இல்லாம எப்பிடிங் சார்? கோயமுத்தூர்ல மொதல்ல கேம் எழுதுன ஆளே நீங்கதானுங்களே" என்றார்.

நான் மறுக்கவில்லை. ஊரே சொல்வதை நான் ஒருவன் மறுத்து என்ன ஆகப் போகிறது. படைக்கும் ஆர்வத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, என்ன சட்டை போடுவது என்பது வரைக்கும் மனம் போய்விட்டது. இல்லையாம். நான் பிரதிப் பழக்கத்துக்குத் தலைவராம்.

"காட்டூர்ல கேசட் காப்பி போட்டு வித்த கடை உங்களுதுதானுங்களே. அனுபவம் பேசட்டும்னு நடுவரே சொல்லீட்டாருங்."

ஒரே போனில் முன்னோடியும் நானே, திருடனும் நானே. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எரிச்சல் வந்தது.

சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. அதனிடம் கத்தினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பரணில் ஏறினேன். மனைவி சரோஜினி கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி, "அறுபத்தி நாலு வயசுல கீழ உளுந்து வெச்சா பட்டிமன்றம் ஆஸ்பத்திரியிலதான்" என்று வாழ்த்தினாள்.

ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் பழைய வேட்டியில் சுற்றியபடி இருந்தது. கையகல கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான்கள். 1986இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அதே மெஷின். இதை வைத்துத்தான் என் காட்டூர்க் கடை 'தண்டபாணி ஹோம் கம்ப்யூட்டர்ஸ்' ஓடியது. மணிக் கணக்கில் வாடகைக்கு விடுவேன். லண்டனில் வந்த விளையாட்டுகளைக் கேசட்டில் பிரதி எடுத்து விற்பேன். அப்போது யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. 'ஒரு காப்பி போட்டுக் குடுங்க' என்பார்கள், ஓட்டலில் காபி கேட்பது போல.

கேசட்டிலிருந்து மெஷினுக்கு விளையாட்டை ஏற்றுகிற டேப் ரெக்கார்டரின் பெல்ட் உருகிக் கீலாக ஒட்டிக் கிடந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். விரல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 7, புதன்

எதிரணித் தலைவர் பெயர் வந்துவிட்டது. சாந்தாமணி, விருப்ப ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பொள்ளாச்சி.

கொங்கு நாட்டில் வீதிக்கு நாலு சாந்தாமணி.

ஜனவரி 8, வியாழன்

அவள்தான். நிவேதாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஆமாங் சார், சின்ன வயசுல உங்க கடைக்கு வந்திருக்காங்களாமா. உங்களையெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குதுன்னாங்க" என்றார்.

'நல்லா ஞாபகம்' என்றால் என்ன அர்த்தம்? நிவேதாவிடம் அதைக் கேட்க முடியவில்லை.

கடைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். அவளும் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பெண், 1987 கோடை விடுமுறை. தினமும் ஒரு மணி நேரம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, வருவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான்.

பைப்பில் சிறுவாணித் தண்ணீர் வந்தது, எட்டு நாளைக்குப் பிறகு. எல்லாக் குடத்திலும் நானே பிடித்து வைத்தேன். சரோஜினி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஜனவரி 10, சனி

புதிய பெல்ட் போட்டாயிற்று. 'டவுன் பஸ்' கேசட்டை ஏற்றினேன். ஏறவில்லை. டேப்பின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை ஊசி முனை அளவுக்குத் திருப்பிக்கொண்டே காதால் கேட்க வேண்டும். கீச்சொலி மங்கலாக இருந்தால் ஏறாது, கூர்மையாக வந்தால் ஏறும். ஏழாவது தடவை ஏறியது. டிவித் திரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட ஆரம்பித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

முகப்பு வந்தது. 'டவுன் பஸ். ஆக்கம்: கே. தண்டபாணி.' ஆங்கில எழுத்தில்தான்.

அந்த விளையாட்டை இன்றைக்குப் பார்த்தாலும் சொக்கிப் போகிறது. சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. நீங்கள் ஒரு கண்டக்டர். காந்திபுரத்தில் பஸ் புறப்படும். ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கிழிக்க வேண்டும், சரியான சில்லறை கொடுக்க வேண்டும், படிக்கட்டில் தொங்குகிறவனுக்கு விசில் ஊத வேண்டும். உக்கடம் போய்ச் சேருவதற்குள் வேர்த்துவிடும். லண்டன்காரனுக்குத் தோன்றியிருக்குமா இது? நாற்பத்தெட்டு கேபி நினைவகத்துக்குள் ஒரு டவுன் பஸ்ஸையே அடைத்து வைத்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிப் பட்டியல். முதல் பெயர் மருதாசலம், 9990. அதற்குக் கீழே நாலைந்து பெயர்கள். இந்தப் பட்டியல் தனிக் கோப்பாகப் பின்னால் ஏறும். அதைத் திறக்கிற வழி எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஆகவே அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். என் அணிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

பிரதி எடுத்தோம். எடுக்காவிட்டால் இந்த ஊரில் ஒரு பயல் கம்ப்யூட்டர் கற்றிருக்க மாட்டான். அசல் கேசட்டின் விலைக்கு இங்கே ஒரு மாத மளிகை வாங்கலாம். ஆனால் இது எதிரணிக்கு உதவுகிற வாதம். நான் சொல்ல வேண்டியது, பிரதி எடுத்து எடுத்து, ஒரு பொருளுக்குப் பின்னால் செய்தவர் என்று ஒரு ஆள் இருப்பதே நமக்கு மறந்துபோயிற்று என்பது. பெயரை அழிப்பது நகத்தை வெட்டுவது போல ஆகிவிட்டது என்பது. இதற்கு உதாரணம் வேண்டும். நடுவர் முத்துவேலப்பன் பழைய தமிழ்ப் பேராசிரியர். ஆதாரம் இல்லாவிட்டால் மேடையிலேயே மணி அடித்து உட்கார வைத்துவிடுவாராம்.

என்னிடம் இருக்கிற ஒரே நல்ல உதாரணம் எது என்று எனக்குத் தெரியும்.

சாந்தாமணியிடம் இருக்கிற ஒரே நல்ல உதாரணமும் அதுதான். டவுன் பஸ்ஸைப் பதினேழு வயதுப் பெண் எழுதினாள் என்று அவள் சொன்னால் அவள் அணி ஜெயிக்கும். நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் என் அணி ஜெயிக்கும்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

மாலையில் நிவேதாவைக் கூப்பிட்டு, அணி மாற முடியுமா என்று கேட்டேன். நோட்டீஸ் அச்சடித்தாயிற்றாம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மகளும் மாப்பிள்ளை கோகுலும் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்கள். பால் பொங்கிய கையோடு மாப்பிள்ளை என் மெஷினைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"அதெல்லாம் பொம்மைங்க மாமா. நாப்பத்தெட்டு கேபி. இன்னைக்கு ஒரு பொங்கல் வாழ்த்துப் படம்கூட அதுல அடங்காது."

"அடங்காதுன்னுதானுங் மாப்ளே ஒவ்வொரு எழுத்தையும் எண்ணி எண்ணி எழுதுனாங்க. ஒரு வரி மிச்சம் புடிச்சா அதுல இன்னொரு பயணிய ஏத்தலாம்னு கணக்குப் போட்டாங்க."

"எழுதுனாங்களா? நீங்கதானே மாமா எழுதுனீங்க?"

மரியாதைக்கு அப்படிச் சொன்னேன் என்றேன். எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொண்டதாக மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கரும்பைக் கடித்ததில் பல் ஆட்டம் கண்டிருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

தீர்மானித்துவிட்டேன். மேடையில் நானே சொல்லிவிடப் போகிறேன். அவள் சொல்லி நான் முழிப்பதைவிட, நானே முந்திக்கொள்வது மேல்.

சரோஜினியை உட்கார வைத்துப் பேசிக் காட்டினேன். கடைசியில் எதிரணி உட்காரும் பக்கமாகக் கை காட்டி, "கோழி அவங்களுது, முட்டை அவங்களுது, கொக்கரிச்சது மட்டும் நானு!" என்றேன். மூன்று இடத்தில் சிரித்தாள். இந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஏனுங், இத்தனை நாளா இந்தத் தெறமைய எங்க வெச்சிருந்தீங்க?"

'கொக்கரிச்சது'க்கு முன்னால் ஒரு நொடி நிறுத்த வேண்டும். குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

தொண்டை கட்டியிருக்கிறது. ஞாயிறு வரை கட்டியே இருந்தால் நல்லது.

ஜனவரி 22, வியாழன்

தொண்டை சரியாகிவிட்டது. சரோஜினியின் மிளகுக் கஷாயம். நல்லது செய்வதாக நினைத்து எத்தனை பேர் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

ஜனவரி 26, திங்கள்

நேற்று நடந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. பாதி மாணவர்கள், பாதி என் வயதுக்காரர்கள். கடையில் கேசட் வாங்கிய முகங்கள் ஐந்தாறு, நரைத்துப்போய். சாந்தாமணி எனக்கு முன்பே வந்து மேடையில் உட்கார்ந்திருந்தாள். வெளிர்நீலப் பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி. எனக்குப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. கும்பிட்டேன். கும்பிட்டாள்.

அவள்தான் முதலில் பேசினாள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் டவுன் பஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்:

"இன்னைக்குப் போனைத் தொறந்தா, உனக்கு இது வேணுமா அது வேணுமான்னு அதுவே கொண்டாந்து கொட்டுது. அந்த மெசினு அப்பிடி இல்லீங். சுவிட்சப் போட்டா வெத்துத் திரைதான். ஒரு ஓரத்துல ஒரு எழுத்து மட்டும் மின்னீட்டு இருக்கும். நீ என்ன பண்ணப்போறேன்னு கேக்கற மாதிரி. எங்க வீட்டுல, பள்ளிக்கூடத்துல, எல்லாரும் எனக்கு என்ன பண்ணோணும்னு சொன்னாங்களே தவிர, நீ என்ன பண்ணப்போறேன்னு ஒருத்தரும் கேட்டதில்லீங். மொதல்ல கேட்டது அதுதான்."

கைதட்டல் பெரிதாக இல்லை. பட்டிமன்றத்துக்கு இது போதாது. உட்காருவதற்கு முன் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

என் முறை வந்தது. எழுதி வைத்த வரிசையிலேயே பேசினேன். பிரதி, பெயர் அழிப்பு, மறதி. கடைசியில் அவளைக் காட்டி, "இந்த அம்மா எழுதுன டவுன் பஸ்ஸத்தானுங்க நான் எம்பேர்ல வித்தேன்! கோழி அவங்களுது, முட்டை அவங்களுது..." ஒரு நொடி நிறுத்தினேன். "கொக்கரிச்சது மட்டும் நானு!"

அரங்கம் அதிர்ந்தது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். நடுவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "தன் அணி வெல்ல வேண்டும் என்பதற்காகத் தன்னையே திருடனாக்கிக்கொண்ட வாதத் திறனை எங்கும் கண்டதில்லை!" என்றார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க ஐயா, நெசமாலுமே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். முன்னைவிட அதிகமாக.

பட்டிமன்ற மேடையில் மனைவியிடம் அடி வாங்கியதாகச் சொல்லாத பேச்சாளர் உண்டா? யார் அதை நம்புகிறார்கள்? நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டேன்.

தீர்ப்பு: படைக்கும் ஆர்வமே. ஆதாரமாக நடுவர் எடுத்துச் சொன்னது என்ன தெரியுமா? "நம் தண்டபாணி ஐயாவின் டவுன் பஸ் ஒன்றே போதும்!" தோற்ற அணித் தலைவனுக்குப் பொன்னாடை. காட்சி அறையில் வைக்கப்போகிற பலகையையும் அப்போதே காட்டினார்கள். 'டவுன் பஸ், 1987. ஆக்கம்: கே. தண்டபாணி.'

இறங்கும்போது சாந்தாமணி படிக்கட்டில் நின்றாள். "நல்லாப் பேசுனீங்கண்ணா" என்றாள். அன்றைக்கும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

நான் சொல்லியாயிற்று. ஜனங்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய முடியும்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டே சரோஜினி கேட்டாள்: "அந்தம்மா மட்டும் சிரிக்கவே இல்லீங்களே. ஏனுங், அது நெசமுங்களா?"

"நெசந்தான்."

மடிப்பதை நிறுத்தினாள். பிறகு, "நெசத்த ஏனுங் தமாசாட்டச் சொன்னீங்க? எங்க நிறுத்தோணும்னு எங்கிட்டயே ஒத்திகை பாத்தீங்களே" என்றாள். பொன்னாடையை அலமாரியில் வைக்காமல் நாற்காலியிலேயே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அவளையும் சேர்த்து அல்லவா சிரிக்க வைத்தேன்.

சரி, எழுதுகிறேன். மேடையில் சொல்லாததை எழுதுகிறேன்.

சாந்தாமணியின் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். பெயர் மருதாசலம். அவள் இரண்டு மாதம் என் கடையில் உட்கார்ந்து அந்த விளையாட்டை எழுதினாள். பத்திரத்துக்கு இன்னொரு பிரதி போட்டு வையுங்கள் என்று கேசட்டை என்னிடம் கொடுத்தாள். நான் முகப்பு வரியில் அவள் பெயரை அழித்து என் பெயரை அடித்தேன். ஐந்து நிமிட வேலை. அப்போது மனசு உறுத்தக்கூட இல்லை. லண்டன் கேசட்டுகளிலும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் வந்தாள். கல்லா மேசை மேல் கேசட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அட்டையைப் படித்தாள். "அண்ணா, இது என்னுதுதானுங்களே?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, அண்ணன் திருத்திவிடுவார் என்கிற முகம்.

நான் சொன்னேன்: "மெசினு யாருது?"

அவள் கேசட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் திறந்ததால் அவள் வராமல் போகவில்லை.

கோழி முட்டை எல்லாம் சொன்ன எனக்கு இந்த இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. இதற்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அறுபத்தி நாலு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

முகப்பு வரியைத் திறந்தேன். என் பெயரை எடுத்தேன். அவள் பெயரை அடித்தேன். இதற்கும் ஐந்து நிமிடம்தான் ஆனது.

நிவேதாவுக்குப் போன் செய்து பலகையை மாற்றச் சொன்னேன். "சார், அது பட்டிமன்ற ஜோக்தானுங்களே?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். 'மெசினு யாருது' கதையைச் சொன்னேன். பிறகு, மாற்றிவிடுகிறேன் என்றார். என்னை சார் என்று கூப்பிடவில்லை.

சாந்தாமணியின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். சனிக்கிழமை திறப்புக்கு வரவேண்டும் என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

ஜனவரி 31, சனி

நாளை தைப்பூசம். மருதமலைக்குப் போகிற கூட்டத்தில் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், மடியில் வைக்க வேண்டிய மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு. கண்டக்டர், "பெரியவரே, அந்தப் பொட்டிக்கும் டிக்கெட் போடட்டுமா?" என்றான். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவள் வந்திருந்தாள். திறப்புக்கு இன்னும் அரை மணி இருந்தது. கேசட்டை ஏற்றிக் காட்டினேன். 'ஆக்கம்: சாந்தாமணி.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு புள்ளிப் பட்டியலைக் கேட்டாள். மருதாசலம், 9990.

"இத மாத்தலீங்களா?"

"அன்னைக்கு மாத்தத் தெரியலம்மா."

முதல்முறையாகச் சிரித்தாள். "அப்பாவக் கூட்டியாந்து இத மட்டும் காட்டோணும்னு இருந்தேனுங். பஸ்ஸுல எல்லாரும் திட்டறாங்களே, இதுலயாச்சும் மொத ஆளா இருக்கட்டும்னு. அப்பறம் அந்தக் கடைக்குள்ள எப்பிடிங்ண்ணா கூட்டியார்றது? அவரு போயிப் பதினஞ்சு வருசமாச்சு. பாக்கவே இல்லீங்."

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். மன்னிச்சிரும்மா என்றேன். மேடையில் தண்ணீராக வந்த பேச்சு இங்கே வரவில்லை.

அவள் முகப்பை மறுபடி வரவழைத்துப் பார்த்தாள்.

"உங்க பேரு எங்கீங்?"

"எடுத்துட்டேன்மா."

"அப்பிடி நழுவப் பாக்காதீங்ண்ணா. முப்பத்தெட்டு வருசம் இருந்த பேரு. ஏன் இருந்துச்சுன்னு இருக்கோணுமில்ல? இல்லீன்னா இதுவும் அழிச்சதுதானுங்களே."

என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சொன்னாள். தலைமையாசிரியை அல்லவா, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ரப்பர் பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கி அடித்தேன். புதிய கேசட்டில் பதிவு செய்தோம். ஓடி முடிந்ததும் அவள் பேனா முனையால் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கை நெம்பி ஒடித்தாள். அதை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் வேறு யாரும் மேலே பதிய முடியாது.

பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதலாமாண்டு மாணவர்கள் கூட்டமாக மெஷினைச் சுற்றி நின்றார்கள். கீச்சொலி ஓடியது, கோடுகள் ஓடின, முகப்பு வந்தது. ஒருவன் சத்தமாகப் படித்தான்.

"எழுதியது சாந்தாமணி, கண்டக்டர் மருதாசலத்தின் மகள். திருடி விற்றது கே. தண்டபாணி, கடைக்காரர்."

படித்துவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள்தானே அது என்பது போல என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

அதற்குள் காந்திபுரத்தில் ஏழு பேர் ஏறிவிட்டார்கள். டிக்கெட் போடு என்றேன்.